மூன்றாம் எண்ணின் மௌனம்

கதையைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் எழுந்து போகக்கூடாது. அதற்குச் சம்மதம் என்றால் சொல்கிறேன்.

பெரம்பூரில் ஒரு ரயில்வே குடியிருப்பில் இரண்டே கட்சிகள்தான். ஒன்று வான் ஹேலன் கட்சி, மற்றது கில்மர் கட்சி; இருவருமே மேல்நாட்டு ராக் கிதார் மேதைகள். விரல் தீப்பறக்க ஓடினால்தான் சோலோ, அதாவது தனி வாசிப்பு, என்பார்கள் முதல் கட்சிக்காரர்கள். போடா, ஒரே சுரத்தைப் பிடித்து உயிரை உருக்கு பார்ப்போம் என்பார்கள் மற்றவர்கள். உலகத்திலேயே உசத்தியான கிதார் வாசிப்பு எது என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால், கல்யாண வீட்டில்கூட தட்டிலே பிரியாணி ஆறிப்போகும்.

அங்கே இருந்த இசைக்குழுவில் முன்னால் நின்று சோலோ வாசிக்கிற லீட் கிதார்க்காரர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். இடம் காலி. டென்சில் பள்ளிக்கூட நாளிலிருந்து கோயிலில் வேண்டிக்கொண்டதெல்லாம் அந்த ஓர் இடத்துக்காகத்தான். அவனுடைய சிநேகிதன் ஞானப்பிரகாசத்துக்கும் அதே ஆசை. இருவரும் ஒரே ஆம்ப்பில், கிதார் ஒலிபெருக்கியில், வாசித்துப் பழகியவர்கள். டென்சில் தந்தியை முரட்டுத்தனமாக வளைத்து இழுப்பான். ஞானம் தொட்டால் தந்திக்கே தெரியாது.

குழுவின் தலைவர் ஆஸ்மண்ட் அங்கிள் போட்டி வைத்தார். ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் மச்சானோ மருமகனோ என்பதால் நடுவில் திரை. திரைக்குப் பின்னால் வாசிப்பவனுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். யாருடைய கிதாரில் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஆனால் முடிவு சொல்லும்வரை பின்னாலிருந்து ஒரு வார்த்தை கேட்டாலும் ஆள் போட்டியிலிருந்து அவுட்.

முதல் இரண்டு பேர் வாசித்துவிட்டுக் கிதாரோடு பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள். மூன்றாம் எண் டென்சில். எடுத்த எடுப்பிலேயே வான் ஹேலன் கட்சி மெய்சிலிர்க்கிற மாதிரி ஓடினான். பாதியில் ஓர் இழுப்பு. மெல்லிய முதல் தந்தி படீரென்று அறுந்தது. டென்சிலுக்குக் கைகால் ஓடவில்லை. அடுத்து வாசிக்க நின்றிருந்த ஞானம், வாய் திறக்காமல், தன் தோளிலிருந்த கிதாரைக் கழற்றி இவன் தோளில் மாட்டி ஒயரைச் செருகினான். அரங்கம் நிசப்தமாக இருந்தது. பதற்றத்தில் டென்சிலுக்கு வேகமான பகுதி மறந்தே போயிற்று. ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நடுங்கி நடுங்கி இழுத்தான். கடைசி இழுப்பில் ஞானத்தின் முதல் தந்தியும் போனது.

உடனே நான்காம் எண்ணைக் கூப்பிட்டார்கள். மாற்றுத் தந்தி யாரிடமும் இல்லை. ஞானம் மிச்சமிருந்த ஐந்து தந்தியில், உச்சிச் சுரங்கள் பக்கமே போகாமல் கீழேயே வாசித்து முடித்தான். டென்சில் சுவரோடு சுவராக நின்று பார்த்தான். அப்போது அவன் பேசியிருக்க முடியாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிள் உற்சாகத்தில் மேஜையைத் தட்டினார். "மூணாம் நம்பர் நடுவுல ஒரு மௌனம் விட்டான் பாருங்க! அப்புறம் டோனையே மாத்திட்டான். ரெண்டு கட்சியையும் ஒரே சோலோவில சேத்துட்டானே! நாலாம் நம்பருக்குக் கை இருக்கு, ஆனா மேல ஏற தைரியம் இல்ல."

திரை விலகியது. டென்சிலைக் கட்டிப்பிடித்து எல்லார் முன்னாலும் கேட்டார்: "அந்த மௌனத்தை எப்படிடா யோசிச்சே?"

பக்கத்தில் ஞானம் கைதட்டிக்கொண்டிருந்தான்.

"சும்மா தோணுச்சு அங்கிள்," என்றான் டென்சில்.

சொன்னதுதான் தாமதம், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஞானம் கைதட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால்கூட டென்சிலுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு ஞானம், அறுந்த தந்தியைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அதன் பிறகு ஒவ்வொரு பயிற்சியிலும் அங்கிள், "அந்த மௌனத்தை விடுடா" என்பார். டென்சில் கிதாரை நிறுத்துவான். எல்லாரும் சொக்கிப்போவார்கள். அவனுக்கோ முகமெல்லாம் எரியும். ஞானம் குடியிருக்கிற தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியாகப் போக ஆரம்பித்தான். குழு வாசிக்கவேண்டிய கிறிஸ்துமஸ் நடனத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தாங்க முடியாமல், ஞானத்தையும் அழைத்து வந்து குழுவின் முன் எல்லாவற்றையும் கொட்டினான்.

இத்தனை நாள் ஊருக்கே காது தான்தான் என்றிருந்த அங்கிளுக்கும் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் சொன்னார்: "காதுக்குக் கேட்டதுக்குத்தான் தீர்ப்பு. கேட்டது கேட்டதுதான். இடம் டென்சிலுக்கே."

"எனக்கு வேணாம் அங்கிள். ஞானத்துக்குக் குடுங்க," என்றான் டென்சில், நிமிர்ந்து பார்க்காமல்.

ஞானத்துக்குக் கோபம் வந்தது. "கிதாரை நான் இஷ்டப்பட்டுக் குடுத்தேன். நீ வெட்கப்படுறேங்கிறதுக்காக நான் லீட் வாசிக்கணுமா? எனக்கு வேணாம்டா."

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இந்த மூவரில் யார் பேசியது சரி? அந்த இடம் யாருக்குச் சேரவேண்டும்?

விடை: ஞானம் பேசியதே சரி. கிதாரை வாங்கி வாசித்தது டென்சிலின் குற்றமல்ல, விதி அதற்கு இடம் கொடுக்கிறது. திரைக்குப் பின்னால் பேசாததும் குற்றமல்ல. திரை விலகிய பிறகு சொன்ன அந்த ஒரே பதில்தான் குற்றம். இடத்தைத் தானமாகக் கொடுத்து அதைக் கழுவ முடியாது. அங்கிளின் தீர்ப்பும் நிற்காது, ஏனென்றால் ஞானத்தின் வாசிப்பை அவர் இன்னும் கேட்கவே இல்லை. தந்தி போன கிதாரைத்தான் கேட்டார். ஆகவே ஞானத்தை முழுதாகக் கேட்ட பிறகே இடம் யாருக்கும் சேரும் என்று திரையை மறுபடி கட்டினார்கள். டென்சில் புதுத் தந்தி வாங்கிவந்து, ஞானத்தின் கிதாரில் தன் கையாலேயே மாட்டினான். ஞானம் ஆறு தந்தியிலும் ஏறி இறங்கி, உச்சியில் சட்டென்று நிறுத்தினான். தந்தி எதுவும் அறுந்திருக்கவில்லை. அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து நின்ற டென்சிலுக்குப் புரிந்தது: இந்த முறை அது உண்மையாகவே ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறது.