பாவாயி காயவச்ச சுண்டைவத்தல்

மலையடிவாரத்துல ஒரு ஊரு கண்ணு. அந்த ஊர்ல ஒரு வீட்டுக்குப் பாவாயின்னு ஒருத்தி கல்யாணமாகி வந்தா. அவ வர்றதுக்கு முன்னாடி அந்த வீட்ல ஒரு அம்மா இருந்தா, காய்ச்சல் வந்து செத்துப்போயிட்டா. அந்த அம்மாவோட பொண்ணு மயிலு, உன்னைவிடக் கொஞ்சம் பெரியவ. அப்பா பேரு நாச்சிமுத்து. கேக்குறியா?

ம்.

ஊருக்கு முன்னால ஒரு ஓடை. வெயில் காலத்துல காலு கூட நனையாது. ஐப்பசி மழை பிடிச்சுதுன்னா ஹோன்னு தண்ணி ஓடும், சந்தைக்கு யாரும் போக முடியாது. தோட்டத்துக் காயும் அழுகிப்போயிடும். அதனால புரட்டாசி வெயில்லயே காயை வத்தலாப் போட்டு எடுத்து வச்சுக்கணும். செத்துப்போன அம்மாவும் போன வருஷம் ஒரு ஜாடி நிறையச் சுண்டைவத்தல் போட்டு வச்சிருந்தா. மயிலுக்கு அது மட்டும்தான் சோத்துல இறங்கும். பாவாயி கூட்டு வச்சாத் தள்ளி வச்சிடுவா, பொரியல் வச்சாத் தள்ளி வச்சிடுவா. மோருஞ்சோறு, அம்மா போட்ட வத்தல், அவ்வளவுதான். பாவாயியை அவ என்னன்னும் கூப்பிடுறதில்ல.

ஜாடி காலியாகிட்டே வந்துச்சு. நாச்சிமுத்து எட்டிப் பார்த்துட்டு, "இது தீர்ந்துட்டா இந்தப் புள்ளை என்னத்தைத் திங்கும்?"னு நெத்தியில கை வச்சுக்கிட்டான்.

"நான் போடுறேன்"ன்னா பாவாயி.

சொல்லிட்டா, ஆனா போட்டுப் பழக்கமில்ல. அவ பொறந்தது வாய்க்கால் கரையில. வருஷம் பூரா பச்சைக்காய் கிடைக்கும், அங்க யாரு வத்தல் போட்டா?

அப்புறம், சுண்டைக்காயைப் பறிச்சுட்டு வந்தா. கத்தியால கீறினா, உப்புப் போட்ட புளிச்ச மோர்ல ஊற வச்சா, வீட்டுக்குப் பின்னால இருந்த பாறையில பாயை விரிச்சுக் காயப் போட்டா. மேல தொட்டுப் பார்த்தா மொறமொறன்னு இருந்துச்சு. அவசரமா ஒரு பானையில கொட்டி வாயைக் கட்டிட்டா. கொஞ்ச நாள் கழிச்சுத் திறந்தா... குப்புனு ஒரு நாத்தம்! வெள்ளை வெள்ளையாப் பூஞ்சை. உள்ளுக்குள்ள ஈரம் இருந்திருக்கு. அத்தனையும் குப்பைக்குழியில.

ம்...

அழுதாளா? அழுதா. அப்புறம் மூக்கைச் சிந்திட்டு மறுபடி பறிக்கப் போனா. இந்தத் தடவை பகல்ல வெயில்ல போடுவா, சாயங்காலம் திரும்ப மோர்லயே போடுவா. மோரெல்லாம் காயே குடிச்சு வத்துற வரைக்கும் அப்படியே செஞ்சா. உடைச்சுப் பார்த்தா டக்குனு உடைஞ்சுது. நல்லா வந்திருச்சு!

அப்போ அவளுக்கு ஒரு யோசனை வந்துச்சு. இதை நாம போட்டதுன்னு தெரிஞ்சாப் புள்ளை தின்ன மாட்டாளேன்னு, யாருக்கும் சொல்லாம அந்த அம்மாவோட ஜாடியில கொட்டிக் கலந்துட்டா.

மத்தியானம் வத்தலை எண்ணெயில போட்டா, சொய்ங்! தட்டுல வச்சா. மயிலு ஒண்ணை எடுத்தா, திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"இது எங்கம்மா போட்டது இல்ல."

பாவாயி அடுப்புக்கிட்ட இருந்து திரும்பிப் பார்த்தா.

"எங்கம்மா கல்லால தட்டுவா. இது கத்தியில கீறினது."

அந்தப் புள்ளை கத்தலை, தட்டை எறியலை. எழுந்து போய் ஜாடியை இறக்கி, தரையில கொட்டி, உட்கார்ந்து பொறுக்க ஆரம்பிச்சா. தட்டினது ஒரு பக்கம், கீறினது ஒரு பக்கம். கண்ணுல தண்ணி ஓடுது, துடைக்கவும் இல்ல, பொறுக்கிட்டே இருக்கா.

பாவாயி பார்த்துட்டே நின்னா. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பா. கொஞ்ச நேரம் கழிச்சு அவளும் எதிர்ல உட்கார்ந்து பொறுக்கினா. எல்லாம் பிரிச்சு முடிஞ்சதும், "சொல்லாமக் கலந்தது தப்பு சாமி. இனிமே செய்ய மாட்டேன்"ன்னா. அம்மா போட்ட வத்தல் ஒரு கைப்பிடிதான் மிச்சம். அதைத் துணியில முடிஞ்சு மயிலு கையில குடுத்துட்டா.

"இது உன்னுது. எப்ப வேணுமோ அப்பத் தின்னு. வேண்டாம்னா வச்சுக்கோ."

மயிலு வாங்கிக்கிட்டா. தூங்கிட்டியா?

ம்... இல்ல.

அப்புறம் பாவாயி, தோட்டத்துல மிச்சமிருந்த காயெல்லாம் கொண்டு வந்தா. சுண்டைக்காயைக் கல்லால டொக்கு டொக்குன்னு தட்டினா. கொத்தவரங்காயை உப்புத் தண்ணியில ஒரு கொதி விட்டு வடிச்சா. பாறை முழுக்கப் பாயும் முறமுமாப் பரப்பினா. அந்த வருஷத்துக்கு அதுதான் கடைசிக் காய். மயிலு வாசப்படியில இருந்தே பார்த்துட்டு இருந்தா, கிட்ட வரலை.

ஒரு நாள் பாவாயி விறகு பொறுக்க மலைப்பக்கம் போனா. நாச்சிமுத்து சந்தைக்குப் போயிருந்தான். திடீர்னு மேற்க இருட்டிக்கிட்டு வந்துச்சு. கடகடகடன்னு இடி! சடசடன்னு மழை!

பாவாயி விறகைப் போட்டுட்டு ஓடினா, ஓடினா, வழுக்கி விழுந்து முழங்கால் பேந்து, எழுந்து ஓடினா. வந்து பார்த்தா, பாறை வெறுமையா இருக்கு. தண்ணி மட்டும் வழிஞ்சு ஓடுது. போச்சு, எல்லாம் ஓடையோட போச்சுன்னு அங்கயே உட்கார்ந்துட்டா.

அப்போ வீட்டுக்குள்ள இருந்து ஒரு தும்மல். அச்!

உள்ள போனா... தலையில இருந்து கால் வரைக்கும் சொட்டச் சொட்ட நனைஞ்சு மயிலு நிக்கிறா. கட்டில் மேல, அண்டாவுல, நாச்சிமுத்தோட வேட்டியில, எங்க பார்த்தாலும் வத்தல். காஞ்சது காஞ்சபடியே இருக்கு!

"கொத்தவரங்காய் கொஞ்சம் நனைஞ்சிருச்சு. பாய் கனமா இருந்துச்சு, தூக்க முடியலை"ன்னா மயிலு, குளிர்ல பல்லு கடகடக்க.

பாவாயி முந்தானையை எடுத்து அவ தலையைத் துவட்டினா. மயிலு நகரலை. நின்னுக்கிட்டா.

ஓடையில தண்ணி ஏறுறதுக்குள்ள நாச்சிமுத்தும் வந்து சேர்ந்துட்டான். அதுக்கப்புறம் மழை விடவே இல்ல, ஓடை ரெண்டு கரையும் புரண்டு ஓடுச்சு. பாவாயி புளியைக் கரைச்சு, சுண்டைவத்தலை வறுத்துப் போட்டுக் குழம்பு வச்சா. மயிலு ஒரு வாய் சாப்பிட்டா. பாவாயி மூச்சை அடக்கிக்கிட்டுப் பார்க்குறா. நாச்சிமுத்தும் பார்க்குறான்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்"ன்னா மயிலு.

பாவாயி முகம் சுருங்கிப்போச்சு.

மயிலு இன்னும் சோறு வேணும்னு தட்டை நீட்டினா. நீட்டிட்டு, "அடுத்த வருஷம் உப்பு மட்டும் நான் போடுறேன், சின்னம்மா"ன்னா.

அவ்வளவுதான் கண்ணு. அவங்க சாப்பிட்டு முடிக்கட்டும், நீ கண்ணை மூடு.