டிஸ்கஸ் ஏன் தனியே ஆற்றில் இறங்கினாள்

சொற்கள் கைகால்களோடு நடமாடி, தம்முள் உறவும் பகையும் கொண்டு வாழ்ந்த அந்தக் காலத்தில், ஆங்கில நாட்டின் நடுவே ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றின் இக்கரையில் வினைச்சொற்கள் குடியிருந்தார்கள். அக்கரையில் பெயர்ச்சொற்கள் குடியிருந்தார்கள். ஒரு வினை ஒரு பெயரிடம் போய்ச் சேர்ந்தால்தான் அன்றைய பேச்சு நிறைவு பெறும். ஆகவே பொழுது விடிந்தது முதல் வினைகள் ஆற்றைக் கடந்தவண்ணம் இருப்பார்கள்.

ஆற்றில் இரண்டு துறைகள் இருந்தன. மேல்துறையில் நீர் முழங்கால் அளவுதான். உண்ணுதலாகிய ஈட், கொண்டுவருதலாகிய ப்ரிங் போன்ற உழைப்பாளிகள் அங்கே இறங்கி நடந்தே போய்விடுவார்கள். கீழ்த்துறை ஆழமானது. அங்கே சிறுசொற்கள் பரிசல் ஓட்டினார்கள். காத்திருத்தலாகிய வெயிட் என்ற மூதாட்டி ஃபார் என்பவனின் பரிசலில் போவாள். செவிகொடுத்தலாகிய லிசன், டு என்பவனின் பரிசலில் போவாள்.

அந்தத் துறையில் எல்லாருக்கும் பிடித்த பரிசல்காரன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் அபௌட். நம் மொழியில் ‘பற்றி’ என்ற சொல் செய்யும் வேலையை அந்நாட்டில் அவன் செய்துவந்தான். மற்றவர்களின் பரிசல் ஓரளவு நேராகப் போகும். அபௌட்டின் பரிசலோ வட்டமிட்டு வட்டமிட்டுத்தான் போகும். ஒரு பெயரைச் சுற்றிச் சுற்றி வந்து, நாலாபக்கமும் பார்த்து, அதன் பிறகே கரை சேர்ப்பான். முதலில் வந்தவரை முதலில் ஏற்றுவது துறையின் முறை. அவன் அதிலிருந்து அணுவளவும் பிறழ்ந்ததில்லை.

அவன் பரிசலில் போகிறவர்களில் இருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒருத்தி டாக். பேசுவதே அவள் தொழில். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவள். வாய்க்குப் பூட்டு இல்லாதவள். மற்றவள் டிஸ்கஸ். கலந்து ஆராய்வது அவள் தொழில். லத்தீன் மாளிகையிலிருந்து வந்த குடும்பம் என்ற பெருமை அவளுக்கு உண்டு. அவளுக்கு டிஸ்கஷன் என்று ஒரு மகள் இருந்தாள். தாய் வினையானாலும் மகள் பெயராகப் பிறந்துவிட்டாள். தாயோடு இக்கரையிலேயே வாழ்ந்தாள்.

ஒருநாள் காலை டாக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு துறைக்கு வந்தாள்.

“தம்பி, வெதர் ஐயா வீட்டுக்கு விடு. நேத்துப் பேசினது பாதியிலயே நிக்குது” என்றாள். வெதர் என்பவர் அக்கரையில் குடியிருந்த வானிலை.

“முந்தாநாளும் அங்கேதானே போனீங்க, அக்கா?”

“போனேன். அதுக்கென்ன? அந்த மனுஷன் ஒரு நாளாவது ஒரே மாதிரி இருக்காரா?”

அபௌட் சிரித்தபடி துடுப்பைப் போட்டான். நடு ஆற்றில் இருவரின் சிரிப்பொலியும் எழுந்தது. கரையில் தன் முறைக்காகக் காத்திருந்த டிஸ்கஸ் அதைக் கேட்டாள். பரிசல் சுற்றுவதை எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதாவது சுற்றில்தான் பரிசல் கரையைத் தொட்டது.

பிறகு அவள் முறை வந்தது. பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பலகை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதை அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இம்முறையும் சுற்றுகளை எண்ணினாள். நான்கே நான்கு.

அன்று இரவு முழுவதும் அவள் உறங்கவில்லை. மறுநாள் துறைக்கு முதல் ஆளாக வந்து, வேண்டுமென்றே பின்தங்கி நின்றாள். நினைத்தலாகிய திங்க் வந்தாள். அவளுக்கு ஏழு சுற்று. கனவு காண்பதாகிய ட்ரீம் வந்தாள், அவளுக்குப் பதினொன்று. டிஸ்கஸின் நெஞ்சு கொதித்தது.

“எனக்கு மட்டும் ஏன் நான்கு?” என்று அபௌட்டிடம் கேட்டாள்.

அவன் ஒன்றும் புரியாமல் விழித்தான். “என்ன நான்கு, அம்மா?”

“சுற்று! அந்தக் கூடைக்காரிக்கு ஒன்பது. எனக்கு நான்கு. அவளைவிட நான் எதில் குறைந்துபோனேன்?”

“ஐயோ, அம்மா! சுற்று கூடினால் தலை கிறுகிறுக்கிறது என்று போன மாதம் நீங்கள்தானே சொன்னீர்கள்? அதனால்தான் பார்த்துப் பார்த்து விடுகிறேன்.”

“இன்றைக்குப் பத்துச் சுற்று விடு.”

“அம்மா, வேண்டாமே...”

“பத்து என்றேன்.”

அபௌட் பத்துச் சுற்று விட்டான். ஐந்தாவது சுற்றில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஏழாவதில் பரிசலின் விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள். ஒன்பதாவதில் கொண்டை அவிழ்ந்தது. பத்தாவது சுற்று முடிவதற்குள், காலையில் உண்டதெல்லாம் ஆற்றோடு போயிற்று. அக்கரைக்குப் போக இயலாமல், புறப்பட்ட கரைக்கே திருப்பச் சொன்னாள்.

கரையில் டாக் நின்றுகொண்டிருந்தாள். அவள் வாய் சும்மா இருக்குமா?

“என்னக்கா, மீனுக்கெல்லாம் காலைப் பலகாரம் போட்டாச்சா?”

துறை முழுவதும் சிரித்தது. அதுகூடப் பரவாயில்லை. அபௌட் உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினான். ஆனால் அவன் தோள்கள் குலுங்கின. டிஸ்கஸ் அதைப் பார்த்துவிட்டாள்.

அவள் குனிந்து ஆற்றுநீரை உள்ளங்கையில் அள்ளினாள். துறை சட்டென்று அடங்கியது. துறைநீரைக் கையில் ஏந்திச் சொல்லும் சொல் சத்தியம். அதைச் சொன்னவராலும் பின்னர் மாற்ற முடியாது.

டாக்கின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. “அக்கா, விளையாட்டுக்குச் சொன்னேன். தண்ணியக் கீழ விடுங்கக்கா” என்றாள்.

டிஸ்கஸ் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. “இந்தப் பரிசல் இனி எனக்கு மட்டுமே உரியது. வேறு எவளாவது இதில் ஏறினால், அதன்பின் என் கால் இதில் படாது. இது சத்தியம்.”

“அம்மா,” என்றான் அபௌட் மெதுவாக. “நீர் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. விட்டுவிடுங்கள். துறைச் சத்தியம் சொன்னவரைத்தான் கட்டும், என்னைக் கட்டாது.”

“உன்னைக் கட்ட வேண்டிய தேவையே இல்லை” என்றாள் டிஸ்கஸ். “என்னை இழக்க உனக்குத் துணிவு வராது.”

சொல்லிவிட்டு நீரை மூன்று முறையாகப் பரிசலின் மேல் வார்த்தாள்.

டாக் இரண்டடி பின்வாங்கிக் கூடையைத் தரையில் வைத்தாள். திங்க் தலை குனிந்து நின்றாள். டிஸ்கஸ் பரிசலின் அருகே நிமிர்ந்து நின்றாள். அந்தச் சில கணங்களில் பரிசல் உண்மையாகவே அவளுக்கு மட்டும் உரியதாக இருந்தது.

அப்போது மேட்டிலிருந்து ஒருத்தி ஓடிவந்தாள். கவலைப்படுதலாகிய வொர்ரி. நடந்த எதுவும் அவளுக்குத் தெரியாது.

“தம்பி, சீக்கிரம்! சைல்டு அக்கரையில காய்ச்சலாக் கிடக்குதாம். குழந்தைகிட்ட என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துடு!”

அபௌட் டிஸ்கஸைப் பார்த்தான். ஏற்றிக்கொள் என்று ஒரு சொல் சொல்லமாட்டாளா என்று பார்த்தான். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் வாய் திறக்கவில்லை.

“ஏறுங்கள், அம்மா” என்றான் அபௌட், வொர்ரியிடம்.

வொர்ரியின் கால் பரிசலில் பட்டது. சத்தியம் பலித்துவிட்டது.

மறுநாள் அக்கரையில் பிராப்ளம் என்ற பெரியவர் வீட்டில் டிஸ்கஸுக்காகப் பலரும் காத்திருந்தார்கள். பிராப்ளம் என்றால் சிக்கல். அவள் வராமல் அங்கே எதுவும் தீராது. விடிந்ததும் அவள் ஒன்றும் நடவாதவள்போலத் துறைக்கு வந்து, பரிசலில் ஏறக் காலை எடுத்து வைத்தாள். பரிசல் ஒரு முழம் விலகிப் போயிற்று. மறுபடி வைத்தாள், மறுபடி விலகிற்று. அபௌட் துடுப்பை ஆற்றில் ஊன்றி, பரிசலைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான். துடுப்பு வளைந்ததே தவிரப் பரிசல் நிற்கவில்லை.

“என்னால் ஆகவில்லை, அம்மா” என்றான்.

டிஸ்கஸ் மேல்துறைக்கு நடந்தாள். ஆடையை முழங்காலுக்கு உயர்த்திக்கொண்டு நீரில் இறங்கினாள். எதிரே வந்த ஈட் வியப்போடு நின்றான்.

“வாங்க, வாங்க! மாளிகைக்காரங்களும் நம்ம துறைக்கு வந்தாச்சா? அந்தப் பாறை வழுக்கும், பார்த்துக் காலை வைங்க.”

நடந்து போனால் வட்டமிட வேண்டியதில்லை அல்லவா? பரிசலில் புறப்பட்டவர்கள் பாதி ஆற்றைக் கடப்பதற்குள் அவள் பிராப்ளத்தின் வாசலை அடைந்து, நேராக அவர் கையைப் பற்றிவிட்டாள். எவ்வளவு விரைவாக வந்துவிட்டாள் என்று எல்லாரும் பாராட்டினார்கள். அவள் ஆற்றையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில நாள்களுக்குப் பின் மகள் டிஸ்கஷன் கீழ்த்துறைக்குப் புறப்பட்டாள். தாய் வாசலில் வழிமறித்தாள்.

“அவன் பரிசலிலா போகிறாய்?”

“ஆமாம், அம்மா.”

“என் வயிற்றில் பிறந்துவிட்டு, அவனோடு போவதற்கு உனக்கு எப்படி மனம் வருகிறது?”

“சத்தியம் செய்தது நீங்கள், அம்மா. நான் ஒன்றும் சொல்லவில்லையே. அவர் என்னிடம் ஒரு குறையும் வைத்ததில்லை.”

மகள் போய்விட்டாள். சற்று நேரத்தில் ஆற்றின் நடுவிலிருந்து சிரிப்பொலி கேட்டது. இம்முறை அது தன் மகளின் சிரிப்பு என்பதை டிஸ்கஸ் அறிந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் அள்ளிய அந்த ஒரு கை நீரால்தான், டாக்கும் திங்கும் ட்ரீமும் வொர்ரியும், மகள் டிஸ்கஷனுங்கூட அபௌட்டைத் துணைகொண்டு செல்ல, டிஸ்கஸ் மட்டும் இன்றளவும் எந்தச் சிறுசொல்லின் துணையும் இன்றிப் பெயரிடம் தனியே போகிறாள். ஆனால் நம் பிள்ளைகளுக்கு இளகிய மனம். நனைந்த ஆடையோடு நிற்கும் அவளைக் கண்டதும், தேர்வுத் தாளில் அபௌட்டை அழைத்துவந்து அவள் அருகே நிறுத்திவிடுகிறார்கள். ஆசிரியர்கள் சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்து அவனை விரட்டுகிறார்கள். அடுத்த தாளில் அவன் மறுபடியும் வந்து நிற்கிறான். அவளும் பரிசலில் ஏற மறுபடியும் காலைத் தூக்குகிறாள்.