வடகடலான் காட்டிய மாப்பிள்ளை முறுக்கு

அந்தக் காலத்தில் கடலுக்கும் காற்றுக்கும்கூட வாய் இருந்தது. வாய் இருந்ததால் வம்பும் இருந்தது.

உலகத்தின் உச்சந்தலையில், இதற்கு மேல் வடக்கே போக இடமே இல்லை என்கிற இடத்தில், வடகடலான் குடித்தனம் நடத்திவந்தான். ஆள் பெரியவன், ஆழமானவன், வயிற்றுக்குள் எப்போதும் கொஞ்சம் சூடு வைத்திருப்பவன். அவன் மனைவி பனிச்சி. வெள்ளை வெளேர் என்று இருப்பாள். அவள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை அவன்மேல் விரிந்து படுத்துவிட்டால், பானைக்கு மூடி போட்டதுபோல் அவன் சூடு அவனுக்குள்ளேயே அடங்கிவிடும். அக்கம்பக்கத்தாருக்கும் நிம்மதி.

அக்கம்பக்கம் என்றால் முக்கியமாக இரண்டு பேர். வடகடலானுக்கு மேலே நடுவில் குளிரன் உட்கார்ந்திருந்தான். அவன் தொட்டது விறைத்துப்போகும், அவன் பார்த்தது நடுங்கும். ஆனால் மனுஷனுக்கு ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று தீராத ஆசை. இவனை வெளியே விட்டால் உலகம் தாங்காது என்று படைத்தவன் யோசித்து, வளையன் என்கிற காற்றை அவனுக்குக் காவல் போட்டிருந்தான். வளையனுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: செக்குமாடு மாதிரி குளிரனைச் சுற்றிச் சுற்றி வருவான். அவன் தடம் பிசகாமல் ஓடுகிறவரை குளிரனால் வெளியே கால் வைக்க முடியாது. தடம் பிசகாமல் இருக்க வேண்டுமானால் தரை சமமாக இருக்க வேண்டும், காலடியில் சூடு இருக்கக் கூடாது. செக்குமாட்டுக்கும் அப்படித்தானே.

அங்கேயும் ஆடி மாதம் உண்டு. ஆடியில் அங்கே சூரியன் அஸ்தமிக்கவே மாட்டான், விருந்துக்கு வந்துவிட்டுப் போக மனமில்லாத உறவுக்காரன் மாதிரி வானத்திலேயே உட்கார்ந்திருப்பான். பனிச்சிக்கு வெயில் ஆகாது, மேனி கரைந்துவிடும். அதனால் ஆடி பிறந்ததும் அவள் தாய் மலையம்மாள் ஆள் விட்டு மகளைத் தன் நிழலுக்கு அழைத்துக்கொள்வாள். மலையம்மாள் பக்கத்திலேயே இருந்த பனிமலை. வடகடலான் ஆடி முழுக்கத் திறந்த மேனியாய் வெயில் காய்ந்துகொண்டு கிடப்பான். புரட்டாசியில் சூரியன் இறங்கத் தொடங்கியதும் அலையைக் கூட்டிக்கொண்டு மாமியார் வாசலுக்குப் போய், "பனிச்சி, வீட்டுக்கு வா" என்று கூப்பிடுவான். அவளும் ஐப்பசிக்குள் வந்து சேர்ந்துவிடுவாள். வருஷா வருஷம் இப்படித்தான் நடந்துவந்தது.

ஒரு வருஷம் ஆடி விருந்தில் வினை வந்தது.

மலையம்மாளுக்கு இரண்டு மருமகன்கள். மூத்தவன் வடகடலான். இளையவன் ஆற்றான், தெற்கேயிருந்து குதித்துக் குதித்து வருகிற நன்னீர்க்காரன். அன்றைக்கு அவன் வெயிலில் மெலிந்து, மூச்சு வாங்க வந்து நின்றான். பார்த்ததும் மலையம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. முதல் இலையை அவனுக்குப் போட்டுவிட்டாள். போட்டதோடு நின்றாளா? பாயசத்தையும் இரண்டாம் தடவை ஊற்றினாள்.

வடகடலான் கை நனைக்காமல் எழுந்தான்.

"என்ன மாப்பிள்ளை, எழுந்துட்டீங்க?"

"அவன் எவ்வளவு குதிச்சாலும் கடைசியில எங்கிட்டதானே வந்து விழணும்? அவனுக்கு முதல் இலையா?"

"புள்ள இளைச்சுப்போய் வந்திருக்கேன்னு போட்டேன். இதுக்கெல்லாமா கோவிச்சுப்பாங்க?"

"நான் இளைக்கல, அதான் என் தப்பு! நல்லாக் கேட்டுக்குங்க அத்தை. இனிமே நானா வந்து இந்த வாசல்ல நின்னு பொண்ணைக் கூப்பிட்டா, என் பேரு வடகடலான் இல்ல. நீங்களாக் கொண்டுவந்து விடுங்க."

"மாப்பிள்ளை வந்து கூப்பிடறதுதான் முறை. எங்க பொண்ணு என்ன விலை போகாத சரக்கா, தலையில சுமந்துட்டு வந்து உங்க வாசல்ல இறக்க?"

பனிச்சி கையில் சாதக் கரண்டியோடு இருவருக்கும் நடுவில் நின்றாள். அம்மாவையும் சொல்ல முடியவில்லை, புருஷனையும் சொல்ல முடியவில்லை. வடகடலான் அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான். பார்த்திருந்தால் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பான் என்று அவனுக்கே தெரியும். அதனால்தான் பார்க்கவில்லை.

ஆவணி போயிற்று, புரட்டாசியும் போயிற்று. சூரியன் ஒருவழியாகக் கிளம்பிப் போனான். வடகடலான் மட்டும் வயிறு முழுக்க வெயிலை நிரப்பிக்கொண்டு, மூடி இல்லாத பானையாகக் கிடந்தான்.

கரையில் வெள்ளைச்சாமி என்கிற பனிக்கரடி வந்து நின்றது. அதற்குப் பிழைப்பே பனிச்சியின் முதுகில்தான். அவள்மேல் நடந்துபோய்த்தான் அது கடல்நாய் பிடித்துத் தின்னும்.

"அண்ணே, அண்ணி எப்ப வருவாங்க?"

"ஏன், உனக்கென்ன அதைப் பத்தி?"

"எனக்கென்னவா? மூணு மாசமாக் கரையில ஒக்காந்து பாசியைச் சுரண்டித் தின்னுட்டிருக்கேன். இந்த ஒடம்புக்குப் பாசி எம்மாத்திரம்? போய் ஒரு வார்த்தை கூப்பிட்டுட்டு வாங்களேன்."

"முறைன்னு ஒண்ணு இருக்கு, வெள்ளைச்சாமி."

"முறையை வறுத்துத் தின்ன முடியுமா அண்ணே?"

வடகடலானுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அசையவில்லை. உண்மையைச் சொல்லப்போனால் அவனுக்கு அவளைப் பார்க்காமல் இருக்கவே முடியவில்லை. அலை கரையில் மோதும் சத்தம்கூட அவள் வருகிற சத்தமாகக் கேட்டது. திரும்பிப் பார்ப்பான். வெள்ளைச்சாமி பாசி சுரண்டிக்கொண்டிருக்கும். உடனே ஒரு பெருமூச்சு விடுவான்.

அந்தப் பெருமூச்சுதான் கெடுத்தது. கடல் விடுகிற பெருமூச்சு லேசானதா? ஆவி ஆவியாக மேலே எழும்பி, மேகமாகி, பக்கத்து நிலத்துக்குப் போய், அங்கே பனியாகக் கொட்டியது. வழக்கமாக ஐப்பசியில் அந்த நிலம் புல்லும் மண்ணுமாகத்தான் இருக்கும். அந்த வருஷமோ கண்ணுக்கெட்டிய தூரம் வெண்பனி முந்திக்கொண்டு பாய் விரித்தது. விழுந்த கொஞ்சநஞ்ச வெயிலையும் அந்தப் பாய் திருப்பி எறிந்துவிட, நிலம் சில்லிட்டுப்போய், அதன்மேல் கனத்த காற்று குவிந்து மேடு தட்டிவிட்டது. வளையன் ஓடுகிற பாதையில்!

"மச்சான்!" என்று மேலேயிருந்து கத்தினான் வளையன். "கீழ என்ன வெந்நீர் போட்டுக்கிட்டிருக்கியா? கால் சுடுது. அந்தப் பக்கம் ஒதுங்கினா மேடு. நான் தடுக்கி விழுந்தா குளிரன் வெளிய போயிடுவான். அப்புறம் உலகமே என்னைத்தான் திட்டும். போய் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா!"

"அவங்க கொண்டுவந்து விடட்டும்."

இதைக் கேட்டுக் குளிரனுக்கு உச்சி குளிர்ந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். "விட்டுக்குடுக்காதீங்க அண்ணே!" என்று நடுவிலிருந்து குரல் கொடுத்தான். "முதல் இலைன்னா சும்மாவா? மானம் போனா வருமா?" மலையம்மாள் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்களும் இறங்கிப் போகாதீங்க! பெண்ணைப் பெத்தவங்களுக்கு மட்டும் மரியாதை இல்லையா?" என்றான். சொல்லிக்கொண்டே மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

கார்த்திகை முடியும் நேரம். வடகடலான் அன்று பனிச்சியின் பழைய பாட்டு ஒன்று ஞாபகம் வந்து, அதுவரை விடாத அளவுக்கு ஒரு பெருமூச்சு விட்டான். கீழே சூடு, முன்னால் மேடு. வளையன் தடுக்கினான். அதுவரை வட்டமாக ஓடியவன், இடுப்பிலிருந்து நழுவிய வேட்டி மாதிரி ஒரு பக்கமாய்த் தெற்கே தொங்கிப்போனான். அந்தத் தொங்கலுக்குள் காலை நீட்டி, "வரட்டுமா அண்ணே?" என்று சொல்லிக்கொண்டு கிளம்பினான் குளிரன்.

தெற்கே ஒரு பாடு படுத்தினான். குளங்கள் பாறையாயின. கொடியில் உலர்த்திய வேட்டி, கட்ட ஆளில்லாமலே நிமிர்ந்து நின்றது. சேவல் கூவ வாயைத் திறந்து, மூடுவதற்குள் யோசனையை மாற்றிக்கொண்டது. இன்னும் தெற்கே போகலாம் என்று வந்தவனை இமயமலை குறுக்கே நின்று தடுத்தது. ஏறப் பார்த்தான், மூச்சு வாங்கியது. அவன் அங்கே உட்கார்ந்து விட்ட மூச்சில் கொஞ்சம்தான் மலையைத் தாண்டி நம் பக்கம் வந்தது. அதற்கே நாம் போர்வையைத் தேடினோம்.

வெள்ளைச்சாமி சேதி கொண்டுவந்தது. "அண்ணே, தெற்கே புள்ளைங்க உதடெல்லாம் நீலமாயிடுச்சாம். அடுப்புக்கு விறகு கிடைக்காம சனங்க அழுவுதாம். எல்லாம் ஒரு இலைக்காக."

வடகடலானுக்கு வெட்கமாகப் போயிற்று. தன் வீட்டுச் சண்டைக்கு எங்கேயோ இருக்கிற குழந்தை ஏன் நடுங்க வேண்டும்? சபதமாவது மண்ணாவது என்று அலையைக் கூட்டிக்கொண்டு மாமியார் வாசலுக்கு ஓடினான்.

"பனிச்சி, வீட்டுக்கு வா."

பனிச்சி வாசலிலேயே நின்றிருந்தாள். புரட்டாசியிலிருந்தே அங்கேதான் நின்றிருந்தாள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அழுதுகொண்டே காலை எடுத்து அவன்மேல் வைத்தாள். வைத்த கால் கரைந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"எப்படி வருவேன்? குளிரன் இருந்தாத்தானே என் கால் நிக்கும்? அவன் ஊர் சுத்தப் போயிட்டான். உங்க மேலோ ஒரே கொதிப்பு. நேரத்துல கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா?"

வடகடலான் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கோபத்தில் அவன் வெளியே அனுப்பியது குளிரனை மட்டும் இல்லை, அவள் வருகிற வழியையும்தான். அவள் இனி வரவே முடியாதோ என்ற பயம் அவனைப் பிடித்துக்கொண்டது. மறுபடி ஒரு பெருமூச்சு கிளம்பியது.

"அதை விடாதீங்க!" என்று அதட்டினாள் பனிச்சி. "நீங்க மூச்சு விட்டுத்தான் இவ்வளவும். உள்ளேயே அடக்குங்க. சூடு தணிஞ்சா நான் ஓரம் ஓரமாவாவது வந்துடுவேன்."

அப்போது உள்ளேயிருந்து மலையம்மாள் வந்தாள். கையில் இலை. அவன் முன்னால் விரித்தாள். வடகடலான் அக்கம்பக்கம் பார்த்தான். வேறு இலையே இல்லை.

"சகலை எங்கே அத்தை?"

"அந்தப் புள்ள எப்படி வரும் மாப்பிள்ளை? குளிரன் போற வழியில தொட்டுட்டான். நடுவழியில விறைச்சுப்போய்க் கிடக்கு. ஒரு சொட்டு அசையல."

முதல் இலை கிடைத்துவிட்டது. பந்தியில் ஆள்தான் இல்லை. வடகடலானுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆற்றான் வந்து குதித்தால் தேவலை என்றிருந்தது. பாயசத்தில் பாதியை அவனுக்கு எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்து சாப்பிட்டான். சாப்பிடச் சாப்பிடச் சூடு தணிந்தது. பனிச்சி முதலில் ஓரத்தில் ஒட்டினாள், பிறகு நடுவுக்கு வந்தாள். மெலிந்துபோய்த்தான் இருந்தாள். ஆனாலும் தை முடிவதற்குள் கரை முதல் கரைவரை விரிந்து படுத்துவிட்டாள். வெள்ளைச்சாமி வயிறாரச் சாப்பிட்டது. வளையன் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினான்.

குளிரன் மட்டும் மாசியில்தான், பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துவிட்டு, ஆடி அசைந்து வீடு திரும்பினான். ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? "அடுத்த விருந்து எப்ப அம்மா?" என்று வருகிற வழியிலேயே மலையம்மாளிடம் விசாரித்தானாம்.

வடகடலான் ஒவ்வொரு வருஷமும் நேரத்தோடு போய்க் கூப்பிடத்தான் நினைக்கிறான். ஆனால் மாப்பிள்ளை முறுக்கு ஒரே விருந்தில் தீர்ந்துபோகிற நோயா? சில வருஷம் சண்டை வந்தாலும் வளையன் தடுக்காமல் சமாளித்துவிடுவான். வானிலை சொல்கிறவர்கள் ஐப்பசியில் வடக்கே எட்டிப் பார்த்து, பனிச்சி வந்தாளா, நிலத்தில் பாய் விரித்தாயிற்றா என்று குறித்துக்கொண்டு தலையைச் சொறிவது இதனால்தான். ஒரு குடும்பச் சண்டை எங்கே போய் முடியும் என்று யாரால் அறுதியிட்டுச் சொல்ல முடியும்?

அன்று முதல்தான், பனிச்சி வீடு திரும்பப் பிந்தி நிலத்தில் பனி முந்திக்கொள்கிற வருஷங்களில், குளிரன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெற்கே கிளம்பிவிடுகிறான். மார்கழியில் உங்களுக்குப் பல் தந்தியடித்தால் அவனைத் திட்டாதீர்கள். எங்கோ ஒரு மாமியார் வீட்டில் மூத்த மருமகனுக்கு முதல் இலை போட மறந்துவிட்டார்கள்.