கால்வாய்க்குள் ஒரு ரோஜாத் தோட்டம்

ஏரிக்கரை நகர்ச் சங்கத் தலைவர் ஞானசிகாமணி கோபப்பட்டால் தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிடும். அன்றும் வந்தது. ராத்திரி மழையில் மழைநீர்க் கால்வாய் கரையை அரித்து, அவருடைய ரோஜாத் தோட்டத்தில் பாதியை ஏரிக்குக் கொண்டுபோயிருந்தது.

"கால்வாயைப் பார்த்துக்கத்தானே உனக்குச் சம்பளம், வீராயி? சாயங்காலத்துக்குள்ள என் மண்ணு ஏரியிலேருந்து திரும்பி வரணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

வீராயி முந்தானையை இழுத்துச் செருகினாள். "கொண்டாந்துடறேன் ஐயா. எதுவரைக்கும் கொட்டணும்னு மட்டும் காட்டிடுங்க. ஒரு முழம் குறைஞ்சாலும் நீங்க விடமாட்டீங்களே."

"எப்படி விடுவேன்?" தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முழங்கால் தண்ணீரில் நடந்துபோய், கால்வாயின் நட்டநடுவில் ஒரு குச்சியை ஊன்றினார். "இதுவரைக்கும் என் தோட்டம்."

வேடிக்கை பார்த்தவர்கள் குச்சியையும் இரு கரைகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அப்படியே நில்லுங்க தலைவரே," என்றார் எதிர்க்கரை ஜெபமணி டீச்சர், போனை உயர்த்தி. அதே மழையில் மதிலைப் பறிகொடுத்தவர் அவர். "தண்ணி ஏன் என் பக்கம் பாய்ஞ்சு இடிச்சுதுன்னு இப்பத்தான் புரியுது. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

மறுநாள் வீராயி வேலைக்கு வந்தாள். கால்வாய்க்குள் மிச்சமிருந்த தோட்டத்தைத் தெருவே சேர்ந்து வெட்டி எடுத்தது. ரோஜாச் செடிகளை மட்டும் அவள் பதமாகப் பெயர்த்துத் தலைவர் வாசலில் வைத்தாள். அடுத்த மழையில் தண்ணீர் யார் கரையையும் தொடாமல் ஏரிக்குப் போனது.