தாரை வார்த்த மாந்தோப்பு

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், ஒரு ராஜாவுக்குத் திடீரென்று மாந்தோப்பு ஆசை பிடித்தது. அதுவும் விகடகவி கொண்டப்பனின் தோப்புதான் வேண்டுமாம். கிளப்பிவிட்டவர் மந்திரி சேனைநாதர். கொண்டப்பன் வாய் திறந்தால் சபை சிரிக்கும். மந்திரி திறந்தால் கொட்டாவி விடும். அந்த வயிற்றெரிச்சல்!

கொண்டப்பனுக்கு ஒரே மகள், செம்பாயி. பிறந்ததிலிருந்தே கால் விளங்காது. அப்படிப்பட்டவர்களுக்கு அரண்மனை ஆயுசுக்கும் சோறு போடும், பார்த்துக்கொள்ள ஆளும் தரும். ஆனால் அவர்கள் பேரில் ஒரு பிடி மண் இருந்தாலும் எல்லாம் நின்றுவிடும். தோப்பை மகளுக்குக் கொடுத்தால் சோறு போச்சு. தன்னிடமே வைத்திருந்தால், கண்ணை மூடியதும் பங்காளிகள் பிடுங்கிக்கொள்வார்கள். பங்காளியை நம்பி எவன் உருப்பட்டான்?

ராஜா தோப்பைக் கேட்டார்.

"அது என்னுடையது இல்லை மகாராஜா. போன தையிலேயே செம்புத் தண்ணீர் ஊற்றி ஊர்ச்சபை கையில் தாரை வார்த்துவிட்டேன்" என்றான் கொண்டப்பன்.

மந்திரி துள்ளி எழுந்தார். "விளைச்சல் இவன் மகளுக்குத்தானே போகிறது பிரபு? அப்படியானால் தோப்பு அவளுடையது. இன்றே சோற்றை நிறுத்துங்கள்."

கொண்டப்பன் அசருவானா? அவளால் தோப்பை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, விளைச்சலைக் கையில் வாங்கவும் முடியாது என்றான். அரண்மனை தராத தள்ளுவண்டி, கால் பிடிக்க எண்ணெய், திருவிழாப் புடவை, இதையெல்லாம் விளைச்சல் பணத்தில் ஊர்ச்சபையார் ஐந்து பேர் வாங்கித் தருவார்கள். ஏன் ஐந்து பேர்? ஒருவன் திருடினால் மற்ற நால்வர் விடமாட்டார்களாம்.

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கொடுத்தவன் நீதானே? திருப்பி வாங்கி எனக்குக் கொடு."

"வார்த்த தண்ணீர் மண்ணுக்குள் போய்விட்டதே மகாராஜா. அதைச் செம்பில் திருப்பி ஊற்றுங்கள், தோப்பைத் தருகிறேன்."

"தண்ணீர் எதற்கு?" என்று மந்திரி இளித்தார். "ராஜா சொன்னால் எந்தத் தாரையும் திரும்பும்."

"நல்லதாய்ப் போயிற்று. மந்திரியாரின் ஆற்றங்கரை நன்செயும் தாங்கள் தாரை வார்த்ததுதானே மகாராஜா? முதலில் அது திரும்பட்டும்."

மந்திரி முகத்தில் ஈயாடவில்லை. அலறியடித்துக்கொண்டு ராஜாவின் காலில் விழுந்தார். "பிரபு, வார்த்தது வார்த்ததுதான். கொடுத்தவரே கேட்டாலும் திரும்பாது."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் வாழைத்தோட்டத்தை அப்போதே செம்பாயிக்குப் பரிசாக எழுதச் சொன்னார். கொண்டப்பன் பாய்ந்து குறுக்கே நின்றான். "ஐயையோ, அவள் பேருக்கு வேண்டாம் மகாராஜா, சோறு போய்விடும். ஊர்ச்சபை கையில் வார்த்துவிடுங்கள்."

ராஜாவுக்குச் சிரிப்பு இன்னும் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே வார்த்தார். வாழைத்தோட்டமும் ஊர்ச்சபை கைக்குப் போனது. செம்பாயியின் சோற்றில் ஒரு பருக்கை குறையவில்லை.