எந்த நிவிஷ்கா?

"அம்மா, நிவிஷ்கான்னா என்ன அர்த்தம்?"

கேட்டவன் குணசீலன். கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அங்கே எட்டு வருஷமாகச் சீடன். அம்மா என்று அவன் கூப்பிட்டது மடத்தின் குருவை. வயதில் அவனைவிடச் சின்னவர்தான். ஆனாலும் மடத்தில் யாரையும் 'நீ' என்றுதான் சொல்வார்.

அவர் ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"யார் பேரு?"

"என் பொண்ணு பேரு."

"உனக்குப் பொண்ணு இருக்கா?"

அதுவரை அவன் மடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

மனைவி பிரேமாவுக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது வீட்டைவிட்டுக் கிளம்பியவன். ஞானம் தேடி வந்தேன் என்பான். சும்மா சொல்லக் கூடாது, தேடத்தான் செய்தான். ஓடிவந்ததும் உண்மைதான்.

அவர்கள் பக்கத்தில் குழந்தைக்கு அப்பாதான் பேர் வைக்க வேண்டும். காதில் மூன்று தடவை சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் பேர் வைக்கிறோம், வாங்க என்று பிரேமா கடிதம் போட்டாள். போகவில்லை. சரி, மூன்றாம் மாதமாவது வாங்க என்று இன்னொன்று போட்டாள். அதற்கும் போகவில்லை. கடவுள் தன் பற்றைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். கடவுளுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

ஒரு வருஷம் பிறப்புச் சான்றிதழில் பேர் இல்லாமலே கிடந்தது. அப்புறம் பிரேமாவே ஒரு பேரை எழுதிக் கொடுத்துவிட்டாள். அதை மச்சான் போனில் சொன்னான். சொன்னதும் வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து குணசீலன் அந்தப் பேருக்கு அர்த்தம் தேடுகிறான்.

"அந்த ரெண்டு கடிதமும் எங்க?" அம்மா கேட்டார்.

"எரிச்சுட்டேன்மா."

"ஏன்?"

"பற்று அறணும்னு."

"அறுந்துச்சா?"

அம்மா ஸ்பானரை இன்னொரு சுற்று சுற்றினார்.

"சரி, அர்த்தம் என்னதான் கிடைச்சுது?"

"அகராதியில இல்ல. போன்ல ஒரு இடத்துல விடியற்கால வெளிச்சம்னு போட்டிருக்கு. இன்னொரு இடத்துல மான்குட்டி. சாஸ்திரிகள் ஒருத்தர் விஷமில்லாதவள்னு சொன்னார்."

"பாம்புக்கு வெக்கிற பேரா?"

அவன் சிரிக்கவில்லை.

"ரொம்ப அபூர்வமான பேரும்மா. லட்சத்துல ஒருத்திக்குக்கூடக் கிடையாதாம். போன்லயே போட்டிருக்கு."

சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட. என்னவோ அவன் வைத்த பேர் மாதிரி.

"அர்த்தம் தெரிஞ்சா என்ன பண்ணுவ?"

"அவளைக் கொஞ்சம் தெரிஞ்ச மாதிரி இருக்கும். இப்ப ஒண்ணுமே தெரியாது. முகம்கூடத் தெரியாது. அப்பான்னு ஒருத்தன் இருக்கான்னு அவளுக்குத் தெரியுமா, அதுவும் தெரியாது."

குழாய் ஒழுகுவது நின்றது. அம்மா கையைப் புடவையில் துடைத்தார்.

"எங்க படிக்கிறா?"

"திருச்செங்கோட்டுல. பிரேமா வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடமாத்தான் இருக்கும். வயசுக்கு இப்ப ரெண்டாவது படிப்பா."

"பள்ளிக்கூட வாசல்ல போய் நில்லு. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடு. லட்சத்துல ஒருத்திதானே? திரும்புறவதான் உன் பொண்ணு."

"திரும்பிட்டான்னா?"

"அதையும் நான்தான் சொல்லணுமா? போ."

மறுநாள் போனான். பஸ்ஸில் வழி முழுக்க அந்தப் பேரை முணுமுணுத்துக்கொண்டே போனான். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதைச் சொல்லி அவன் யாரையும் கூப்பிட்டதில்லை.

நாலு மணிக்கு மணி அடித்தது. பிள்ளைகள் கேட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தார்கள்.

"நிவிஷ்கா!"

மூன்று பேர் திரும்பினார்கள்.

ஒருத்தி ரெட்டை ஜடை. ஒருத்திக்கு முன்பல் இல்லை. ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, ஷூவுக்குள் இருந்த கல்லை உதறிக்கொண்டிருந்தாள்.

அவன் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். எந்த முகமும் அவனுக்கு எதையும் சொல்லவில்லை.

"எந்த நிவிஷ்கா சார்?" ரெட்டை ஜடை கேட்டாள். "எங்க கிளாஸ்லயே மூணு பேர் இருக்கோம்."

"இவங்கம்மாதான் எங்கம்மாவைப் பாத்து வெச்சாங்க," என்றாள் பல் இல்லாதவள்.

"போடி, எங்கம்மா போன்ல பாத்து வெச்சாங்க. யாருக்குமே இல்லாத பேருன்னு."

"எங்கம்மாவும்தான் போன்ல பாத்தாங்க."

"சார், நீங்க இன்ஷியலைச் சொல்லுங்க."

இன்ஷியல். அப்பா பேரின் முதல் எழுத்து. அவளைப் பற்றி அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம்.

"ஜி," என்றான். "ஜி. நிவிஷ்கா."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஜி யாரும் இல்லையே. நான் எஸ். இவ ஆர். அவ பி."

"வேற ஸ்கூலா இருக்கும் சார். இங்க ஜி இல்லவே இல்ல."

அவன் ஷூவோடு நின்றவளைப் பார்த்தான்.

"பி-ன்னா உங்கப்பா பேரா, பாப்பா?"

"இல்ல. பிரேமா. எங்கம்மா."

கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அதில் வருத்தம், கோபம் ஒன்றும் இல்லை. ஷூவை மாட்டினாள்.

நான்தான் உங்கப்பா என்று சொல்ல வாயைத் திறந்தான். இத்தனை வருஷமாக வைத்திருந்த கேள்விதான் வந்தது.

"உன் பேருக்கு என்னம்மா அர்த்தம்?"

"தெரியாது. எங்கம்மாதான் வெச்சாங்க. அதோ ஸ்கூட்டில வர்றாங்க பாருங்க. கூப்பிடட்டா?"

"வேணாம் பாப்பா. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

நேரமெல்லாம் ஆகவில்லை. அரைமணிக்கு ஒரு பஸ் இருக்கிறது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மடத்துக்கு வந்து சேர்ந்தான். அம்மா சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தார்.

"திரும்பினாளா?"

"திரும்பினா."

"பேசினாளா?"

"பேசினாம்மா. அவங்கம்மாவைக் கூப்பிடட்டான்னுகூடக் கேட்டா."

"நீ?"

"வந்துட்டேன்."

உள்ளே சாப்பாட்டுக்கு இலை போட்டிருந்தது. அவன் எட்டிப் பார்த்தான். பத்து இலை. மடத்தில் அவனோடு சேர்த்துப் பதினோரு பேர்.

"நீ வரமாட்டேன்னு நம்பித்தான் உலை வெச்சேன்," என்றார் அம்மா.