யாரும் தொடாத பொத்தான்

ஒரு மலையூர் ஏரிக்கரையில், படகுச் சீட்டு கொடுக்கும் தொடுதிரை ஒன்று இருந்தது. அந்தக் கண்ணாடிக்குள் சில பொத்தான்கள் குடியிருந்தன. வருகிறவர்கள் எல்லாம் தொட்டுத் தொட்டு, அவற்றுக்குத் தலைக்கனம் ஏறிப் போயிருந்தது, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றின் பெயர் பின்செல். இடது ஓரத்தில், பொடி எழுத்தில், பின்னோக்கிய ஓர் அம்புக்குறியோடு ஒண்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் தொடுவது அபூர்வம். ஆனாலும் அதற்கு அந்த இடம் அவ்வளவு பிடிக்கும். அங்கிருந்து பார்த்தால் படகுகள் தெரியும், நனைந்த கையோடு சிரித்துக்கொண்டு வரும் சனங்கள் தெரியும். வேறென்ன வேண்டும்?

"வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாயே, கூச்சமாக இல்லையா?" என்று மோட்டார்படகுப் பொத்தான் வம்புக்கு இழுக்கும்.

"ஓரமாகத்தானே இருக்கிறேன்," என்று பின்செல் பம்மும்.

"அந்த ஓரமும் கிடைத்தால் நான் காலை நீட்டிக்கொள்வேன்," என்றது பணம்செலுத்து. பச்சை நிறம், நல்ல தொந்தி.

அதன் ஆசை பலித்துவிட்டது. படகுத்துறை மேலாளர் தங்கப்பன், திரையை வடிவமைத்த ஜமீலாவுக்குப் போன் போட்டார். "ஏம்மா, அந்த மூலைப் பொத்தானை ஒருத்தரும் அமுக்குறதே இல்ல. எதுக்கு அடைசலா? தூக்கிருங்க."

ஜமீலாவுக்கு அரைமனசுதான். ஆனாலும் தூக்கிவிட்டாள். பின்செல் அவளுடைய மடிக்கணினிக்குள் போய் விழுந்தது. உள்ளே ஒரே இருட்டு, ஏரி இல்லை. அது வெட்கத்தை விட்டு அழுதது.

சில நாட்களில் தங்கப்பன் மறுபடியும் அழைத்தார். "மெஷின் ஈ ஓட்டிக்கிட்டு இருக்கும்மா. எல்லாரும் பழையபடி கவுண்டர்லதான் நிக்கிறாங்க. இப்படியே போனா மெஷினையே கழட்டி அனுப்பிருவேன்."

ஜமீலா ஏரிக்கு வந்தாள். திரைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். வெளிச்சம் பட்டுக் கண் கூசிய பின்செல், தன் பழைய கூட்டாளிகளைப் பார்த்தது. மோட்டார்படகின் முகம் வாடிக் கிடந்தது. விரலை நீட்டிக்கொண்டு வருகிறவர்கள், கண்ணாடி வரை வந்து இழுத்துக்கொண்டார்கள்.

கோபியிலிருந்து புதிதாகக் கல்யாணமான சோடி ஒன்று வந்து நின்றது.

"ஏனுங்க, மிதிபடகத் தொடுங்க," என்றாள் மனைவி புவனேஸ்வரி.

"தப்பாத் தொட்டு வேற படகு வந்துருச்சுன்னா?" என்றான் நல்லசிவம்.

"வந்தா மாத்திக்கலாமுங்க."

"எப்படி மாத்தறது புள்ள? உள்ள போனா திரும்பி வர வழியே காணோம். பேசாம வரிசைல நிப்போம், வா."

மடிக்கணினிக்குள் பின்செல் துள்ளிக் குதித்தது. "நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்," என்று கத்தியது அவர்களுக்கு எங்கே கேட்கப் போகிறது? அவர்கள் பேச்சைக் கேட்ட ஜமீலாவோ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணா, ஒரு நிமிஷம் நில்லுங்க," என்று அவர்களை நிறுத்திவிட்டு, விரல்களை ஓட்டினாள். பின்செல்லை எடுத்துத் தூசி தட்டி, பெரிதாக்கி, வாயில் நுழையாத அந்தப் பழைய பெயரையும் மாற்றினாள். அடுத்த கணம் அது ஏரிக்கு எதிரே, தன் இடத்தில் இருந்தது. அதன் நெஞ்சில் இப்போது இப்படி எழுதியிருந்தது: 'தப்பாயிருச்சா? திரும்பிக்கலாம்.'

நல்லசிவம் அதை எழுத்துக்கூட்டி வாசித்தான். "அட, திரும்பிக்கலாமாமா புள்ள," என்றவன், மிதிபடகை டக்கென்று தொட்டான். பணம்செலுத்தைத் தொட்டான். சீட்டு வந்தது. புவனேஸ்வரி அதைப் பிடுங்கிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினாள். கவுண்டர் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் வந்தார், பிறகு ஒரு குடும்பம், பிறகு ஒரு கல்லூரிப் பட்டாளமே வந்தது. ஏரி முழுக்கச் சிரிப்பும் தண்ணீர் வாரியடிக்கிற சத்தமும்தான். பின்செல்லுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சாயங்காலம் தங்கப்பன் திரை முன்னால் வந்து நின்றார். பின்செல்லை மறுபடியும் தூக்கிவிடுவாரோ என்று மோட்டார்படகுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"இன்றைக்கும் உன்னை ஒருத்தரும் தொடவில்லையே," என்று அது கிசுகிசுத்தது.

"ஆமாம்," என்றது அந்தப் பொத்தான், படகுகளைப் பார்த்தபடி. "எல்லாரும் தைரியமாக முன்னாலேயே போய்விட்டார்கள்."